உஷார்! கையெழுத்துக்கு முன்னால் 'நாட்' எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

"வேணும்னு போடாம இல்ல சார், மறந்துட்டேன்."

உயரத்தில் வேலை பார்த்துக் கீழே விழுந்து, கையோ காலோ முறிந்து கிடக்கிற ஒருவரிடம் "ஏம்ப்பா பெல்ட் போடல?" என்று கேட்டால் வரும் பதில் இது. எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் எந்த ஆலைக்குள் போனாலும் இதே வாக்கியத்தைக் கேட்கலாம். இதில் குழப்பம் எதுவும் இல்லை. கேட்கிற யாருக்கும் இது மறதிதான், திமிர் இல்லை என்று புரிந்துவிடும்.

ஆபத்து அடுத்த பத்து நிமிடத்தில் வருகிறது. சேஃப்டி ஆபீஸரோ, காண்ட்ராக்டரின் ஆபீஸ் பையனோ இதை இங்கிலீஷில் எழுதுகிறார். 'ஐ டெலிபரேட்லி டிட் நாட் வேர் த பெல்ட், ஐ ஃபர்காட்.' எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. காதில் விழுந்த வரிசையிலேயே சொற்களை அடுக்கிவிட்டார், அவ்வளவுதான். 'வேணும்னு' முதலில் வந்தது, 'டெலிபரேட்லி'யும் முதலில் போய் உட்கார்ந்தது. கீழே கையெழுத்து வாங்கியாயிற்று. படிக்கத் தெரியாத மொழியில், வலியோடு, அவசரமாக.

அந்தக் காகிதம் இப்போது என்ன சொல்கிறது தெரியுமா? "நான் பெல்ட் போடவில்லை, தெரிந்தே, வேண்டுமென்றே போடவில்லை." கூடவே மறந்துவிட்டதாகவும் சொல்கிறது. முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் ஒட்டவில்லை என்று நமக்குத் தெரியும். நஷ்டஈட்டைக் குறைக்கப் பார்க்கிற வக்கீலுக்கு முதல் பாதி போதும்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் மூன்றாவது பிரிவைப் புரட்டிப் பாருங்கள். வேலையில் அடிபட்டால் முதலாளி நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, உடனே சில விதிவிலக்குகளையும் வைத்திருந்தது. பாதுகாப்புக்காகத் தெளிவாகப் போடப்பட்ட உத்தரவையோ விதியையோ தொழிலாளி வேண்டுமென்றே மீறியதுதான் விபத்துக்கு நேரடிக் காரணமா? பாதுகாப்புக் கவசம் என்று தெரிந்தே அதைக் கழற்றினாரா, அலட்சியம் செய்தாரா? அப்படியானால் முதலாளி தர வேண்டியதில்லை. உயிர் போனாலோ, நிரந்தரமாக முழு ஊனம் ஆனாலோ இந்த விதிவிலக்கு செல்லாது. ஆனால் கை முறிவு, விரல் போவது, ஒரு கண் மங்குவது என்று நம் பகுதியில் நடக்கிற பெரும்பாலான கேஸ்கள் இந்த இரண்டுக்கும் கீழேதான் வரும். 2020-ல் இயற்றப்பட்டு, 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்த விதிவிலக்கை அப்படியே எடுத்து வைத்திருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 111-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போனது. பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே பயன்படுத்தாமல் விட்டால் தொழிலாளி மீதே குற்றம் என்றது அது.

இத்தனை சட்டத்திலும் எடை தாங்கி நிற்பது ஒரே ஒரு சொல்: வேண்டுமென்றே. அந்தச் சொல் 'நாட்'டுக்கு முன்னால் நிற்கிறதா, பின்னால் நிற்கிறதா என்பதில் ஒரு குடும்பத்தின் சில லட்சங்கள் இருக்கின்றன.

எங்கே கோளாறு என்று கொஞ்சம் நின்று பார்ப்போம். 'வேணும்னு போடாம இல்ல' என்கிறபோது நாம் இரண்டு முறை மறுக்கிறோம். 'போடாம' என்பது பெல்ட்டை மறுக்கிறது, 'இல்ல' என்பது அந்த 'வேணும்னு'வை மறுக்கிறது. தமிழில் ஒவ்வொரு மறுப்புக்கும் தனித்தனி இடம் உண்டு. இங்கிலீஷில் எழுதுகிறவர் ஒரே ஒரு 'நாட்' போட்டுவிட்டு முடித்துக்கொள்கிறார். ஒரு மறுப்பு காணாமல் போகிறது. போனது நம்மைக் காப்பாற்ற வேண்டிய மறுப்பு.

சரி, அந்தச் சொல்லை இடம் மாற்றினால் தீர்ந்துவிடுமா? கடைசியில் போட்டுப் பாருங்கள்: 'ஐ டிட் நாட் வேர் த பெல்ட் டெலிபரேட்லி.' இது அதைவிட மோசம். இரண்டு விதமாகவும் படிக்கலாம். பேசும்போது குரலை ஏற்றி இறக்கிப் புரியவைக்கலாம், காகிதத்துக்குக் குரல் கிடையாது. இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவர்களே சறுக்குகிற இடம் இது. அதனால் இந்த இடத்தில் இலக்கணத்தோடு மல்லுக்கட்டவே வேண்டாம். 'ஐ ஃபர்காட் டு வேர் த பெல்ட்.' மறந்துவிட்டேன். 'த பெல்ட் வாஸ் நாட் கிவன் டு மீ.' பெல்ட் கொடுக்கவில்லை. நடந்ததை நேராகச் சொல்லிவிட்டால் எந்தச் சொல்லும் இடம் மாறி உட்கார வழியில்லை.

மெமோ விஷயத்திலும் இதே கதைதான். மத்திய அரசின் மாதிரி நிலையாணைகளில் (ஸ்டாண்டிங் ஆர்டர்ஸ்) எது ஒழுங்கீனம் என்று ஒரு பட்டியல் உண்டு. லேட்டாக வருவது ஒழுங்கீனம் என்று அதில் இருக்காது; வழக்கமாக லேட்டாக வருவது என்றுதான் இருக்கும். வழக்கமாகச் சொல்லாமல் லீவு போடுவது. வழக்கமான கவனக்குறைவு. வேண்டுமென்றே கீழ்ப்படியாமை. வேண்டுமென்றே சொத்துக்குச் சேதம். ஒருநாள் லேட்டாக வந்ததற்கு யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. 'வழக்கமாக' என்று நிரூபித்தால் அனுப்பலாம். நிரூபிக்கிற வேலையை நாமே செய்து கொடுத்துவிடுவோமே!

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அலைந்துகொண்டிருக்கிறார் ஒருவர். "ரெகுலரா வர முடியல சார்" என்கிறார். அதாவது வந்துகொண்டுதான் இருந்தார், நடுவில் சில நாள் விட்டுப்போனது. இது எக்ஸ்ப்ளனேஷன் லெட்டரில் 'ஐ டிட் நாட் கம் ரெகுலர்லி' என்று இறங்கினால் பரவாயில்லை, அவர் சொன்னதுதான் அது. 'ஐ ரெகுலர்லி டிட் நாட் கம்' என்று இறங்கினால் தீர்ந்தது. வராமல் இருப்பதே எனக்கு வழக்கம் என்று கைப்பட எழுதிக் கொடுத்த மாதிரி. இரண்டு வாக்கியத்திலும் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இடம் மாறியது மட்டும்தான். உள் விசாரணையில் அந்த லெட்டரை எடுத்து வாசித்துக் காட்டுவார்கள்.

மெமோவுக்குப் பதிலைத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். மெமோ இங்கிலீஷில் வந்ததால் பதிலும் இங்கிலீஷில் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? 1946-ஆம் ஆண்டு நிலையாணைகள் சட்டத்தின் ஒன்பதாவது பிரிவு, நிலையாணைகளையே இங்கிலீஷிலும் பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரிகிற மொழியிலும் வாசலருகே போர்டில் ஒட்டச் சொன்னது. விதி நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்றால் நம் பதிலும் நமக்குப் புரியும் மொழியில் இருக்கலாம். தமிழில் எழுதும்போதும் 'வேண்டுமென்றே செய்யவில்லை' என்று மொட்டையாக விடாதீர்கள். 'வேண்டுமென்று செய்ததில்லை' என்று எழுதிவிட்டு, என்ன நடந்தது என்று இரண்டு வரி சேருங்கள். மற்றவர் எழுதித் தந்த இங்கிலீஷ் காகிதத்தில்தான் கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்றால், 'நாட்' வருகிற ஒவ்வொரு வரியையும் வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். முழுப் பக்கத்தையும் வேண்டாம். 'நாட்' இருக்கிற வரிகள் மட்டும்.

இதுவரை பணமும் வேலையும். இனி வரப்போவது உயிர்.

ஷிப்ட் மாறும்போது லாக் புக்கில் ஒரு வரி: 'வால்வு ஃபுல்லி நாட் க்ளோஸ்டு.' எழுதியவர் மனதில் இருந்தது, 'முழுசா மூடல, கொஞ்சம் இடைவெளி இருக்கு.' நம்மூர் ஆள் படித்தால் அப்படியே புரிந்துகொள்வார், ஏனென்றால் அவரும் தமிழில்தான் யோசிக்கிறார். இன்று இந்த ஆலைகளில் அடுத்த ஷிப்ட்டுக்கு வருகிறவர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். இருவருக்கும் நடுவில் இருப்பது இந்த அரைகுறை இங்கிலீஷ் மட்டும். அவர் அதை 'முழுக்கத் திறந்தே கிடக்கிறது' என்று படித்தால் தப்பு அவருடையது இல்லை. 'நாட் ஃபுல்லி க்ளோஸ்டு' என்றால் ஓரளவு மூடியிருக்கிறது. 'ஃபுல்லி நாட் க்ளோஸ்டு' என்பது இங்கிலீஷ்காரரையே முழிக்கவைக்கும். இதை வைத்துக்கொண்டு ஒருவர் பைப்லைனில் பிரஷர் ஏற்றப் போகிறார்! எத்தனை சுற்று மூடியிருக்கிறது, எத்தனை சுற்று பாக்கி என்று எண்ணில் எழுதுங்கள். எண்ணுக்கு முன்னும் பின்னும் கிடையாது.

சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கிற ட்ரெய்லர்காரர்களுக்கு வேறொரு தொல்லை. 'எல்லா பெட்டியும் வரல' என்பதை 'ஆல் கன்டெய்னர்ஸ் ஹேவ் நாட் கம்' என்று மெயில் போடுகிறார்கள். ஒரு பெட்டியும் வரவில்லையா, சில பெட்டிகள் வரவில்லையா? தமிழிலும் இங்கிலீஷிலும் இந்த வாக்கியம் இரட்டை நாக்குதான். வந்த பெட்டிகளை எடுக்க வண்டி அனுப்பாமல் டெமரேஜ் கட்டிய பிறகு சண்டை போட்டுப் பயனில்லை.

ராயபுரத்திலிருந்து கப்பல் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குத் தெரியும், கடலில் இதற்கெல்லாம் எப்போதோ விழித்துக்கொண்டார்கள் என்று. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-ல் கப்பல்களுக்கான நிலையான பேச்சுத் தொடர்களை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் 1977-லேயே ஒரு சொல் தொகுப்பு இருந்தது. 500 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களில் வாட்ச் பார்க்கும் அதிகாரி இந்தத் தொடர்களைப் புரிந்துகொள்ளவும் பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். அதில் என் மனதுக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு: கேள்விக்கு வெறும் 'யெஸ்' என்றோ 'நோ' என்றோ சொல்லி நிறுத்தக் கூடாது, கேட்ட விஷயத்தை முழு வாக்கியமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். 'டோன்ட்', 'கான்ட்' மாதிரி குறுக்கி விழுங்குவதும் கூடாது. காற்றும் இரைச்சலும் உள்ள வயர்லெஸ்ஸில் அந்த வால் பகுதி காணாமல் போனால், 'செய்யாதே' என்பது 'செய்' ஆகிவிடும்.

இந்த விதி கப்பலைவிட நமக்குத்தான் அதிகம் தேவை. "வால்வ மூடலையா?" என்று சூப்பர்வைசர் கேட்டால் "ஆமா சார்" என்போம். ஆமாம், மூடவில்லை என்று பொருள். நீங்கள் கேட்டது சரிதான் என்று கேள்விக்குத் தலையாட்டுகிறோம். இங்கிலீஷில் அதே கேள்விக்கு 'யெஸ் சார்' என்றால் மூடிவிட்டேன் என்று பொருள். அங்கே பதில் கேள்வியைப் பார்ப்பதில்லை, வால்வைப் பார்க்கிறது. கேள்வி ஒன்று, தலையாட்டல் ஒன்று, அர்த்தம் நேர் எதிர். இதைவிடப் பெரிய பள்ளம் நம் இங்கிலீஷில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லித் தருகிறார்கள், இதைச் சொல்லித் தருவதில்லை. 'யெஸ்'ஸை அங்கேயே நிறுத்தாமல் 'வால்வு இஸ் ஓப்பன் சார்' என்று சேர்த்துவிடுங்கள். சூப்பர்வைசர்களுக்கும் ஒரு வார்த்தை: 'ஹேவ் யு நாட்' என்று ஆரம்பிக்கும் கேள்வியையே விட்டுவிடுங்கள் ஐயா. வால்வு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று கேட்டால் உங்கள் நாக்கு ஒன்றும் தேய்ந்துவிடாது.

நாம் எழுதுவதில் மட்டும்தான் இந்தக் கண்ணி என்றில்லை. நமக்கு எழுதி அனுப்புகிறார்களே, அதிலும் உண்டு. 2017 ஜனவரி 28 விடியற்காலை, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'பி.டபிள்யூ. மேப்பிள்' என்ற எரிவாயுக் கப்பலும், எண்ணெய் ஏற்றி வந்த 'டான் காஞ்சிபுரம்' என்ற கப்பலும் மோதின. துறைமுகத்தின் முதல் அறிக்கை சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லை என்றது. இல்லை என்றால் இல்லை. 'இதுவரை' என்றோ 'இன்னும் தெரியவில்லை' என்றோ எந்த அடைமொழியும் கிடையாது. அடுத்தடுத்த நாள்களில் எண்ணூரிலிருந்து தெற்கே கரையெல்லாம் கறுப்புக் களியாக ஒதுங்கியது. திருவொற்றியூர் பக்கம் மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளியதை நாடே டிவியில் பார்த்தது. 'இதுவரை தென்படவில்லை' என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் அறிக்கை உண்மையாக இருந்திருக்கும். குப்பத்து ஜனங்களும் அன்றைக்கே உஷாராகியிருப்பார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது, தங்கள் குழாய்களில் கசிவு இல்லை என்றது மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நிர்வாகம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ, ஆலை வளாகத்திலிருந்து வெள்ள நீரோடு எண்ணெய் வெளியேறியதைச் சுட்டியது. குழாயில் கசிவு இல்லை என்பது ஒரு விஷயம், ஆலையிலிருந்து எண்ணெய் வெளியே வரவில்லை என்பது வேறு விஷயம். 'இல்லை' எதைத் தொட்டு நிற்கிறது என்று பார்க்காமல் படித்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தது.

இனி இப்படி அறிக்கை வந்தால் 'பாதிப்பு இல்லை' என்ற இரண்டு சொல்லைப் படித்துவிட்டு மடிக்காதீர்கள். 'குறிப்பிடத்தக்க' பாதிப்பு இல்லையா? 'உடனடி' ஆபத்து இல்லையா? அப்படியானால் குறிப்பிடத்தகாத பாதிப்பு இருக்கிறது, உடனடியாக இல்லாத ஆபத்து இருக்கிறது என்று படிக்கலாம். எழுதியவர் அந்தச் சொல்லைத் தெரியாமல் போட்டிருக்க மாட்டார்.

அந்த டிசம்பரிலேயே இன்னொன்றும் நடந்தது. 26-ஆம் தேதி நள்ளிரவு, கப்பலிலிருந்து கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ரோட்டுக்கு ஓடிவந்தார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஆலை வாசலில் காற்றில் கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்ததாக வாரியம் சொன்னது. தாண்டக் கூடாத வரம்பு 400.

அமோனியா மாதிரி வாயுக்களுக்குப் பாதுகாப்பு அட்டை என்று ஒன்று உண்டு. ஆலைக்குள் ஒட்டியிருப்பார்கள். நுரையீரலில் நீர் கோப்பதன் அறிகுறிகள் பெரும்பாலும் சில மணி நேரம் கழித்துத்தான் வெளியே தெரியும், உடம்பை வருத்தி வேலை செய்தால் அது இன்னும் மோசமாகும் என்பது அதில் இருக்கும் எச்சரிக்கை. இங்கிலீஷில் அது 'நாட்' போட்ட வாக்கியமாக வரும்: 'டு நாட் பிகம் மேனிஃபெஸ்ட் அன்டில் எ ஃப்யூ அவர்ஸ் ஹேவ் பாஸ்ட்' என்ற ரீதியில். அவசரத்தில் படிக்கிற கண் 'நாட் பிகம் மேனிஃபெஸ்ட்' வரை போய் நின்றுவிடும். அறிகுறி வராது என்று மனம் முடிவுகட்டிவிடும். அதற்குப் பிறகு நிற்கிற 'அன்டில்' என்ற சொல்தான் முழு எச்சரிக்கையும்: உடனே வராது, பிறகு வரும்.

ஆகவே வாயு அடித்த இடத்திலிருந்து வெளியே வந்தவர் கண் எரிச்சல் அடங்கிவிட்டது, இருமல் நின்றுவிட்டது என்று சொன்னாலும் அவரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். சைக்கிள் மிதிக்க விடாதீர்கள், மாடிப்படி ஏற விடாதீர்கள், "ஒண்ணும் இல்ல அண்ணே, ஷிப்ட முடிச்சுட்டுப் போறேன்" என்பதற்கு இடம் கொடுக்காதீர்கள். உட்கார வைத்து, ஸ்டான்லிக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ வண்டியில் ஏற்றுங்கள். டாக்டரிடம் எந்த வாயு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார் என்று சொல்லுங்கள். "இப்ப ஒண்ணும் பண்ணல" என்று அவர் சொன்னால், அந்த 'இப்ப'வையும் சேர்த்தே சொல்லுங்கள்.